பனியில் தளரும் தோல்: ரிவர்ஸ்டன் லயத்தில் ஒரு பேஞ்சோவுக்கு உதிரிப்பாகம் மாற்றிய கதை

ரிவர்ஸ்டனில் பனிமூட்டம் இறங்கினால் முதலில் தளர்வது தோல்தான். கொடியில் போட்ட சட்டை மூன்று நாளாகியும் காயாது. சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். தீப்பெட்டி உரசினாலும் பற்றாது. இவை எல்லாவற்றுக்கும் முன்னதாகவே தப்பின் தோல் தொய்ந்துவிடும். அதை நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சித்தான் அடிக்க வேண்டும். என் பெரியப்பா இதைச் சொல்லிக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். தோட்டத்தில் காமன் கூத்துக்கும் சாவுக்கும் தப்பு அடித்தவர் அவர்.

ரத்தோட்டையில் இருந்து ரிவர்ஸ்டனை நோக்கி ஏறும் பாதையில், தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில்தான் நானும் அப்பாவும் இப்போது இருக்கிறோம். கொழும்பில் இருந்து வருகிறவர்கள் காற்றையும் முகிலையும் பார்க்க இந்த வழியால் போகிறார்கள். பிட்டவல பத்தனையில் நின்று படம் எடுக்கிறார்கள். நக்கிள்ஸ் காடு 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டில்தான் நாங்களும் இங்கே வந்து சேர்ந்தோம். மெனிக் பாம் முகாமில் இருந்து வந்தோம்.

இந்தக் கட்டுரை ஒரு வாத்தியத்தைத் திருத்துவது பற்றியது. எந்தப் பாகத்தை எப்படி அளப்பது, எதைக் கையால் செய்யலாம், எதை வெளியில் இருந்து எடுப்பிக்க வேண்டும் என்பதை என் அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன். யுத்தத்தில் கைவிரல்களை இழந்த ஒருவர் தந்தி வாத்தியம் வாசிக்க அதை எப்படி மாற்றியமைக்கலாம் என்பதும் இதில் இருக்கிறது. அந்தப் பகுதிதான் யாருக்காவது பயன்படும் என்று நினைக்கிறேன்.

பரண் மேல் இருந்த பெட்டி

எங்கள் தாத்தா தோட்டத்துப் பங்களாவில் அப்புவாக, அதாவது சமையல்காரராக இருந்தவர். தோட்டங்கள் அரசுடைமையாவதற்குச் சில வருடங்கள் முன்பு அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை நாட்டை விட்டுப் போனார். போகும்போது விட்டுச் சென்ற சாமான்களோடு ஒரு பேஞ்சோவும் இருந்தது. தாத்தா அதை அப்பாவிடம் கொடுத்தார். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அப்பா அதை வாசிக்கப் பழகினார். அது பைலாவும் தமிழ்ப் பொப் பாட்டும் ரேடியோவில் பிரபலமாகிக்கொண்டிருந்த காலம். தேநீர்த் தொழிற்சாலை முற்றத்தில் பெரியப்பா தப்பு அடிக்க, அப்பா பேஞ்சோ வாசித்திருக்கிறார். அம்மா அப்பாவை முதலில் பார்த்ததும் அங்கேதான்.

1977 ஓகஸ்ட் கலவரத்துக்குப் பின்னர் அப்பாவும் அம்மாவும் வன்னிக்குப் போனார்கள். அப்போது மலையகத்தில் இருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்படிப் போயின. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்திருந்தது. கப்பல் ஏற விரும்பாதவர்களுக்கும் தோட்டத்தில் உயிருக்குப் பயந்தவர்களுக்கும் வன்னிக் காடு ஒரு புகலிடமாகத் தெரிந்தது. நான் பிறந்தது கிளிநொச்சி தர்மபுரத்தில். அவசரத்தில் துணிமூட்டையோடு போனவர்கள் பேஞ்சோவைப் பெரியப்பாவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். 1983இல் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் எரிக்கப்பட்டது. அந்த நாட்களிலும் பெரியப்பா அந்தப் பெட்டியைப் பரணில்தான் வைத்திருந்தார்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பற்றறி கிடைக்காது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட தலைமுறை நாங்கள். அப்போது அப்பா பிஸ்கட் டின் ஒன்றில் ஒரு மரச்சட்டத்தைச் சொருகி, சைக்கிள் பிரேக் கேபிளின் உட்கம்பியைப் பிரித்து ஒற்றை இழையாகக் கட்டி, எனக்கு ஒரு வாத்தியம் செய்து தந்தார். "இதுதான் பேஞ்சோ. மிச்சமெல்லாம் சோடனைதான்" என்றார். அந்த டின் 2009இல் வீட்டோடு போனது. அப்பாவின் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் அந்த வருடம் சுதந்திரபுரத்தில் விழுந்த செல்லில் போயின. நடுவிரல் இருக்கிறது, ஆனால் மடங்காது. அம்மா முள்ளிவாய்க்காலைத் தாண்டி வரவில்லை.

2022ஆம் ஆண்டு மழைக்கு லயத்தின் கூரை ஒழுகியபோது பரணை ஒதுக்கினோம். பெட்டி வெளியே வந்தது. தோலின் பாதியை எலி தின்றிருந்தது. தந்திகள் துருவாகி உதிர்ந்தன. அப்பா எட்ட நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா, இத வச்சி இனி யாரு வாசிக்கப் போறா? எடுத்து ஒரு பக்கமா வையி" என்றார். ஆனால் எறியச் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

பேஞ்சோ என்றால் எது?

முதலில் பெயரில் உள்ள குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். தட்டெழுத்துப் பொறி போலக் கட்டைகளை அமுக்கி வாசிக்கும் ஒரு பெட்டி வாத்தியத்தையும் நம்மவர்கள் பேஞ்சோ என்கிறார்கள். அது புல்புல் தரங். 1912இல் ஜப்பானின் நகோயாவில் மொரிட்டா கோரோ உருவாக்கிய தைஷோகோத்தோவில் இருந்து வந்தது. பாகிஸ்தானின் பலுச் மக்கள் அதன் இன்னொரு வடிவத்தை 'பெஞ்சு' என்கிறார்கள். உதிரிப்பாகம் கேட்டு கண்டிக்குப் போனபோது கடைக்காரர் என்னிடம் முதலில் கேட்டதும், "கட்டை வச்சதா?" என்றுதான்.

நான் எழுதுவது மற்றதைப் பற்றி. வட்டமான மரவளையம், அதன் மேல் இழுத்துக் கட்டிய தோல், நீண்ட கழுத்து, ஐந்து தந்தி. சுருக்கமாகச் சொன்னால் தப்பின் மேல் தந்தி கட்டியதுதான் பேஞ்சோ. தந்தியின் அதிர்வு குதிரை என்ற சிறு மரத்துண்டின் வழியாகத் தோலுக்கு இறங்குகிறது. தோல் அதைக் காற்றில் தட்டுகிறது. அதனால்தான் ஓசை கூர்மையாக எழுந்து சீக்கிரம் அடங்கிவிடுகிறது.

இது வெள்ளைக்காரர்களின் வாத்தியம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. மேற்கு ஆபிரிக்காவில் இருந்து அடிமைகளாகப் பிடித்து கரீபியன் தீவுகளுக்குக் கொண்டு போகப்பட்ட மக்கள், ஊரில் தாங்கள் வாசித்தவற்றின் நினைவில், கிடைத்த சுரைக்குடுக்கையையும் தோலையும் தடியையும் வைத்துச் செய்தது இது. 1687இல் ஜமேக்கா போன ஹான்ஸ் ஸ்லோன் என்ற, அயர்லாந்தில் பிறந்த மருத்துவர் இப்படியான வாத்தியங்களைக் கண்டு, 1707இல் வெளிவந்த தன் நூலில் படத்தோடு பதிவு செய்தார். செனகல், காம்பியா பகுதியின் ஜோலா மக்களிடம் இன்றும் உள்ள அகோன்டிங்கைப் பார்த்தால் உறவு புரியும். பேஞ்சோவில் உள்ள அந்தக் குட்டைத் தந்தி அதிலும் உண்டு. வெள்ளையர்கள் இதை மேடையேற்றியதும் தொழிற்சாலைகள் செய்யத் தொடங்கியதும் 1830களுக்குப் பிறகுதான்.

தமிழ்நாட்டில் இருந்து தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த எங்கள் முன்னோர்களும் தப்பைக் கொண்டு வந்தார்கள். அவர்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து 2023 ஜூலை, ஓகஸ்டில் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. அந்தப் பயணம் மாத்தளையில் முடிந்த நேரத்தில் நான் இந்த வாத்தியத்தின் இரண்டாவது தோலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

கழற்றுவதற்கு முன்

முதல் வேலை, எதையும் கழற்றாமல் நான்கு பக்கமும் படம் எடுப்பது. கைத்தொலைபேசி போதும். எந்தக் கொக்கி எங்கே இருந்தது, தந்தி எந்தப் பக்கமாகச் சுற்றியிருந்தது என்பதெல்லாம் இரண்டு நாளில் மறந்துபோகும்.

இரண்டாவது வேலை அளவெடுப்பது. மூன்று அளவுகள் முக்கியம்.

ஒன்று, தோல் உட்காரும் மரவளையத்தின் வெளி விட்டம். மேலே இருக்கும் இரும்பு வளையத்தை அளக்கக் கூடாது. அதைக் கழற்றிவிட்டு மரவளையத்தைத்தான் அளக்க வேண்டும். இப்போது செய்யும் பேஞ்சோக்களில் பெரும்பாலும் 11 அங்குலம். பழையவற்றில் வித்தியாசப்படும். எங்களுடையது 10¾ அங்குலம். குறுக்காக மூன்று நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். பழைய மரம் முழு வட்டமாக இருக்காது. ஓர் அங்குலத்தை 16 பங்காக்கி அதில் ஒரு பங்கு பிழைத்தாலும் புதிய தோல் உட்காராது.

இரண்டு, மேற்கட்டையில் இருந்து 12ஆவது மெட்டு வரையான தூரம். கழுத்தின் நுனியில் தந்தி தாண்டி வரும் சிறு கட்டையைத்தான் மேற்கட்டை என்கிறேன். வீணையில் அதை மேரு என்பார்கள். இந்த அளவு பின்னால் குதிரையை வைக்க உதவும்.

மூன்று, பிரடை போகும் ஓட்டைகளின் விட்டம்.

கருவிகள் என்று பெரிதாக ஒன்றும் தேவையில்லை. கொக்கிகளின் நட்டுக்குப் பொருந்தும் சிறிய ஸ்பனர், ஒரு குறடு, திருப்புளி, நுண்ணிய அரம், மண்தாள், இரும்பு அடிமட்டம். துருப்பிடித்த நட்டுகளில் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்தேன். எங்களுடையதில் 16 கொக்கிகள். இரண்டு மட்டும் உடைந்தன. அவற்றை ரத்தோட்டையில் சைக்கிள் திருத்துகிறவர் பழைய கம்பி ஒன்றை வளைத்து மரை வெட்டிச் செய்து தந்தார்.

தோலா, பிளாஸ்டிக்கா?

நான் பிழைவிட்ட இடம் இது.

பெரியப்பாவுக்குத் தோல்தான் வேண்டும். எனக்கும் அதே ஆசை. தப்புக்கு மாட்டுத் தோல். பேஞ்சோவுக்கு மெல்லிய கன்றுத் தோலோ ஆட்டுத் தோலோ நல்லது. மயிர் நீக்கிச் சுரண்டிய ஆட்டுத் தோல் ஒன்றைப் பெரியப்பா எங்கேயோ சொல்லி எடுப்பித்தார்.

தோல் கட்டும் முறை இது. தோலைத் தண்ணீரில் அது துணி போல மெதுவாகும் வரை ஊறவைக்க வேண்டும். பிறகு துடைத்து மரவளையத்தின் மேல் விரித்து, அதைச் சுற்றி மெல்லிய கம்பி வளையத்தை இறக்க வேண்டும். தோலின் ஓரத்தைக் கம்பி வளையத்தின் கீழால் மேலே மடித்து எடுத்து, அதன் மேல் இரும்பு வளையத்தை வைத்து அழுத்திக் கொக்கிகளை மாட்ட வேண்டும். மடித்த ஓரங்களைக் குறடால் சுற்றிச் சுற்றி இழுத்துச் சுருக்கம் எடுக்க வேண்டும். இந்த நேரத்தில் கொக்கிகளை இலேசாக மட்டும் இறுக்க வேண்டும். நிழலில் இரண்டு நாள் காயவிட்டால் தோல் தானாகவே இறுகிவிடும். அதற்குப் பிறகுதான் மிச்ச ஓரத்தை வெட்டி, கொக்கிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கலாம்.

இரண்டு நாள் காயவிடுவது என்பது கிளிநொச்சியில் சரி. ரிவர்ஸ்டனில் ஜனவரியில் எதுவும் இரண்டு நாளில் காயாது. வடகீழ்ப் பருவமழைக் காலம். ஐந்தாம் நாளும் தோல் தொய்வாகவே இருந்தது. நான் பொறுமை இழந்து கொக்கிகளை இறுக்கினேன். தட்டிப் பார்த்தால் ஓசை நன்றாக இருந்தது. பெரியப்பா, "பாத்துடா கண்ணு, அது இன்னும் ஈரம்" என்று சொன்னார். நான் கேட்கவில்லை. மார்ச் மாதம் வெயிலும் வறண்ட காற்றும் வந்த ஒரு மத்தியானம், யாரும் தொடாமலே அது 'டப்' என்று வெடித்தது. உள்ளே படுத்திருந்த அப்பா அந்தச் சத்தத்துக்கு எழும்பி, கட்டிலுக்குக் கீழே போய்விட்டார். அவரை வெளியே கொண்டுவரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

நடந்தது எளிமையானது. ஈரத்தில் தோல் நீளும், காய்ந்தால் சுருங்கும். நீண்டிருக்கும் நேரத்தில் கடைசி வரை இறுக்கிவிட்டால், சுருங்குவதற்கு இடமில்லாமல் கிழிந்துவிடும். தப்புக்காரர்கள் வாசிக்கும் நேரத்தில் நெருப்பில் காய்ச்சி, வாசித்து முடித்ததும் மறுபடி தளர விடுவதற்குக் காரணமும் இதுதான். பேஞ்சோவை அப்படி நெருப்பில் காட்ட முடியாது. தோல் கட்டிய பேஞ்சோ வைத்திருப்பவர்கள் ஈரக் காலத்தில் அளவோடுதான் இறுக்க வேண்டும், காலநிலை மாறும்போது நட்டுகளைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும்.

அந்தச் சத்தத்துக்குப் பிறகு அந்த வீட்டில் இன்னொரு தோலை வெடிக்கவிட என்னால் முடியாது. பிளாஸ்டிக்குக்கு மாறினேன். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் மேளங்களுக்குப் பொலியெஸ்டர் தகட்டால் செய்த முகம் விற்பனைக்கு வந்தது. பின்னர் பேஞ்சோவுக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. ஈரத்தை அது உறிஞ்சாது. ஓசை தோலை விடக் கொஞ்சம் கூர்மை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இங்கே இப்படியான சாமான்கள் தேடுவது கடினம். ரொறொன்ரோவில் இருக்கும் சித்தி மகனுக்கு அளவை அனுப்பினேன். வெளிநாட்டில் இருந்து எடுப்பிக்கிறவர்கள் விட்டத்தோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோலின் முகம் எவ்வளவு உயர்ந்திருக்க வேண்டும் என்பது அது. உயரம், நடுத்தரம், தாழ்வு என்று மூன்று வகை உண்டு. உங்கள் பழைய தோலில் இரும்பு வளையம் எவ்வளவு கீழே இறங்கியிருந்தது என்று பார்த்துச் சொல்லுங்கள். வளையம் தோலின் மட்டத்துக்கு மேலே வந்தால் தந்தி அதில் முட்டும்.

பிளாஸ்டிக் முகத்தை மாட்டுவது அரை மணி நேர வேலை. ஊறவைக்கத் தேவையில்லை. வளையத்தில் இருத்தி, எல்லா நட்டையும் விரலால் முடிந்த அளவுக்குத் திருகுங்கள். பிறகு ஸ்பனரால், வாகனச் சில்லின் நட்டை இறுக்குவது போல எதிரெதிராக இறுக்குங்கள். கடிகாரத்தில் 12, அடுத்தது 6, பிறகு 3, 9. ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும். ஒரே பக்கத்தில் தொடர்ந்து இறுக்கினால் வளையம் சரிந்துவிடும். ஒரு சுற்று முடிந்ததும் ஒவ்வொரு கொக்கிக்கு அருகிலும் விரலால் தட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே சுருதி கேட்க வேண்டும். தாழ்வாகக் கேட்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் சிறிதளவு மட்டும் பள்ளம் விழுந்தால் போதுமான இறுக்கம்.

குதிரை

பேஞ்சோவின் குதிரை ஒட்டப்படுவதில்லை. தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே தோலின் மேல் நிற்கிறது. அதனால் தந்தி மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே தடவையில் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினால் குதிரை இடம் மாறாது.

எங்கே வைப்பது? மேற்கட்டையில் இருந்து 12ஆவது மெட்டு வரை எவ்வளவு தூரமோ, அங்கிருந்து குதிரை வரைக்கும் அதே தூரம். முழு நீளம் 26¼ அங்குலம் என்றால் ஒவ்வொரு பாதியும் 13⅛. பிறகு காதால் திருத்த வேண்டும். 12ஆவது மெட்டுக்கு நேர் மேலே தந்தியை இலேசாகத் தொட்டு மீட்டினால் ஒரு மணியோசை வரும். அதே மெட்டில் அழுத்தி மீட்டும் ஓசையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய ஓசை கூடிப்போனால் குதிரையை வால் பக்கமாகத் தள்ளுங்கள். குறைந்துபோனால் கழுத்துப் பக்கமாகத் தள்ளுங்கள்.

இதை வாங்கத் தேவையில்லை. வெளிநாட்டில் மேப்பிள் மரத்தில் செய்து மேலே கருங்காலி ஒட்டுகிறார்கள். வீணை செய்யும் பலா மரம் நம்மிடம் இருக்கிறது. உடைந்த பலாக் கதவின் ஒரு துண்டை எடுத்து மூன்று கால் வைத்து அராவினேன். மேல் விளிம்பில் தந்தி அறுத்துவிடாமல் இருக்கச் சிரட்டைத் துண்டு ஒட்டினேன். முதல் இரண்டும் கனமாகி ஓசையை விழுங்கிவிட்டன. மூன்றாவதை மேலே போகப் போக மெல்லியதாக்கி, கால்களுக்கு இடையில் நன்றாகக் குடைந்தபோதுதான் வாத்தியம் பேசியது. குதிரை எவ்வளவு இலேசோ அவ்வளவு தெளிவு.

உயரம் முக்கியமானது. வழக்கமான அளவு ⅝ அங்குலம். நான் ½ அங்குலம் வைத்தேன். தந்தி மெட்டுகளுக்குக் கிட்ட இறங்கினால் அழுத்தப் பலம் அவ்வளவாகத் தேவையில்லை. அப்பாவின் கைக்காகத்தான் இந்த மாற்றம்.

பிரடையும் தந்தியும்

பழைய பேஞ்சோக்களில் வயலினில் போல மரப் பிரடை, உராய்வில்தான் நிற்கும். வழுக்கினால் சுண்ணக்கட்டி தடவலாம். எங்களுடையவற்றில் இரண்டு வெடித்திருந்ததால் நான்கையும் எடுத்துவிட்டு, பற்சக்கரம் வைத்த பிரடைகளைப் போட்டேன். இவையும் கனடாப் பொதியில் வந்தவை. ஓட்டையைப் பெரிதாக்க வேண்டி வந்தால் துரப்பணத்தால் ஒரேயடியாகத் துளைக்க வேண்டாம். பழைய மரம் பிளந்துவிடும். மண்தாளை ஒரு தடியில் சுற்றி மெதுவாகத் தேய்த்தாலே போதும். ஐந்தாவது தந்தியின் பிரடை மட்டும் கழுத்தின் பக்கத்தில், ஐந்தாவது மெட்டுக்கு அருகில் இருக்கும்.

மேற்கட்டை பாதி உடைந்திருந்தது. பழைய பற்தூரிகையின் தடித்த கைப்பிடியை வெட்டி அராவி வைத்தேன். தந்தி போகும் வெட்டுகளை அதிகம் ஆழமாக்கினால் முதலாவது மெட்டில் தந்தி இரையும். ஓர் இழை அராவுவதும் மாட்டிப் பார்ப்பதுமாகப் போக வேண்டும்.

தந்திகள் மெல்லியவை, நடுத்தரமானவை என்று கட்டாக விற்கப்படுகின்றன. அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில், மெல்லிய கட்டு 9, 10, 13, 20, 9. நடுத்தரமானது 10, 12, 16, 23, 10. நான்காவது தந்தி மட்டும் மேலே கம்பி சுற்றியது. நான் மெல்லிய கட்டை எடுத்தேன். அதற்கும் காரணம் அப்பாவின் விரல்கள்தான். இங்கே ஈரத்துக்குத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, பெட்டிக்குள் வைத்தால் கொஞ்ச நாள் கூட உழைக்கும்.

மூன்று விரலுக்கு ஏற்ற சுருதி

கித்தாரில் ஒரு கோர்ட் பிடிக்க மூன்று நான்கு விரல் வேண்டும். அதனால்தான் கையில் காயப்பட்ட பலர் வாத்தியத்தையே கைவிட்டார்கள். பேஞ்சோவை வழக்கமாகத் திறந்த சுருதியில் சேர்ப்பார்கள். எதையும் அழுத்தாமல் எல்லாத் தந்தியையும் மீட்டினாலே ஒரு முழுக் கோர்ட் வரும். நம் கணக்கில் சொன்னால், மூன்றாவது தந்தி ஸட்ஜம். இரண்டாவது அந்தர காந்தாரம். முதலாவது பஞ்சமம். நான்காவது கீழ்ப் பஞ்சமம். அந்தக் குட்டையான ஐந்தாவது தந்தி மேல் ஸட்ஜம். அதைப் பெரும்பாலும் அழுத்துவதில்லை. தம்பூரா போல அது பாட்டுக்குச் சுருதி கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இப்போது ஆட்காட்டி விரல் ஒன்றை மட்டும் குறுக்கே படுக்க வைத்து ஐந்தாவது மெட்டில் நான்கு தந்தியையும் அழுத்தினால் இரண்டாவது கோர்ட் வந்துவிடும். ஏழாவது மெட்டில் அழுத்தினால் மூன்றாவது. பைலாவிலும் பொப் பாட்டிலும் பாதிக்கு மேல் இந்த மூன்று கோர்ட்டில் அடங்கும். ஒரு விரல் போதும்.

அந்த ஒரு விரலும் அழுத்த முடியாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கண்ணாடிப் போத்தலின் கழுத்தையோ வழுவழுப்பான இரும்புக் குழாயையோ விரலில் மாட்டித் தந்தியின் மேல் இழுத்து வாசிப்பது. அதற்குக் குதிரை உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய் மெட்டில் முட்டும். ஆகவே குதிரையைச் செய்வதற்கு முன்பே எந்த முறையில் வாசிக்கப் போகிறார் என்று முடிவு செய்ய வேண்டும். இடது கை முழுவதும் இயலாவிட்டால் வாத்தியத்தை மாற்றிப் பிடிக்கலாம். அப்போது மேற்கட்டையின் வெட்டுகளையும் தந்தி வரிசையையும் மாற்ற வேண்டும். ஐந்தாவது பிரடை மட்டும் மற்றப் பக்கத்தில் கையில் இடிக்கும். அதைப் பொருட்படுத்தாமல் நான்கு தந்தியோடும் வாசிக்கலாம்.

இதையெல்லாம் நான் அப்பாவுக்கு விளக்கிச் சொல்லவில்லை. சேர்த்து முடித்த அன்று பின்னேரம் பேஞ்சோவை அவருடைய கட்டிலில் வைத்துவிட்டு, தேத்தண்ணி போட அடுப்படிக்குப் போனேன். வெகு நேரம் சத்தமில்லை. பிறகு வெறும் தந்தியை ஒரு தடவை மீட்டினார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. ஐந்தாவது மெட்டை அவரே தேடிக் கண்டுபிடித்தார். 46 வருடம் கழித்து அந்தக் கை அந்த இடத்துக்குப் போனது.

"ஓசை கொஞ்சம் தகரம் மாதிரி இருக்கு" என்றார் பெரியப்பா.

"இருக்கட்டும்ண்ணே. இது வெடிக்காது" என்றார் அப்பா.

மே 18 அன்று நாங்கள் வாசலில் விளக்கு ஏற்றுவதில்லை. கதவைச் சாத்திவிட்டு, உள்ளே கஞ்சி காய்ச்சிக் குடித்து, அம்மாவின் படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு வைப்போம். பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்கு அது என்ன நாள் என்று தெரியாது. 2024இல் அந்தப் பின்னேரம் அப்பா பேஞ்சோவை எடுத்து மடியில் வைத்தார். பாட்டு எதுவும் வாசிக்கவில்லை. அந்தக் குட்டைத் தந்தியை மட்டும் மீட்டிக்கொண்டு இருந்தார். வெளியே பனி இறங்கியிருந்தது. பெரியப்பாவின் தப்பு அடுப்புக்குப் பக்கத்தில் தொய்ந்து கிடந்தது.

வன்னியில் இருந்து எங்களில் பலர் கொண்டு வந்தது கையில் இருந்த ஒரு பையை மட்டும்தான். ஆனால் யாருடைய பரணிலாவது, யாருடைய அண்ணன் வீட்டிலாவது, உடைந்த ஆர்மோனியமோ துருப்பிடித்த கித்தாரோ கிழிந்த மிருதங்கமோ இருக்கலாம். எறிவதற்கு முன் ஒரு தடவை அளந்து பாருங்கள். அதை வாசிக்க வேண்டியவரின் கையையும் சேர்த்து அளந்து பாருங்கள்.